நாளை பேசிக்கொள்ளலாம்



காட்டூரில் எங்கள் மதரஸாவில் மஃரிபுக்குப் பிறகு நடைபெறும் வகுப்பில், ஒரு நாள் சூரத்துல் கஹ்ஃபின் விளக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். குகைவாசிகளைப் பற்றி மக்கத்துக் குறைஷியர் கேட்ட கேள்விக்கு, 'நாளை சொல்கிறேன்' என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும், அதனோடு 'இன்ஷா அல்லாஹ்' சேராமற் போனதால் 15 நாட்கள் வஹீ தாமதப்பட்டதையும், தப்ஸீர் நூல்களில் வந்துள்ளபடி எடுத்துரைத்தேன். அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்க்காமல் எந்தக் காரியத்தையும் நாளை செய்வேன் என்று சொல்லலாகாது என்ற கட்டளை, அந்த அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களில் அமைந்திருப்பதையும் காட்டினேன்.

கடைசி வரிசையில் ஒரு சிறுவன் எழுந்தான்.

"ஹஜ்ரத்! இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டால், அப்புறம் செய்யாமல் விட்டாலும் குற்றமில்லைதானே?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தியம் செய்பவர் அதனோடு சேர்த்தே இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டால், அதை நிறைவேற்றத் தவறினாலும் பரிகாரம் கடமையாகாது என்பது ஃபிக்ஹ் சட்டம். அதை உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது அந்தச் சட்டத்தை அன்று. அது எனக்குத் தெரிந்தது.

"நாளைக்குச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்" என்று கூறி வகுப்பை முடித்தேன்.

சொல்லி முடித்த மாத்திரத்தில் நெஞ்சு துணுக்குற்றது. இதே சொற்களை இதே தொனியில் நான் வேறொருவரிடம் சொன்ன இரவு நினைவுக்கு வந்தது. அந்த இரவைப் பற்றி இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. அந்தச் சிறுவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டு. திருச்சியில் கலைப் பட்டம் பெற்ற நான், மேற்படிப்புக்காக மலேசியாவின் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தேன். 1983இல் தொடங்கப்பெற்ற அப்பல்கலைக்கழகம் கோலாலம்பூருக்கு வடக்கே கோம்பாக்கில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் அமைந்திருக்கிறது. நடுவே பெரும் பள்ளிவாசல்; வளாகத்தினூடே ஒரு சிற்றாறு; சுற்றிலும் மாணவர் விடுதிகள். விடுதிகளை அங்கே 'மஹல்லா' என்றே அழைப்பார்கள். நம் ஊரில் ஜமாஅத்துக்கும் பள்ளிவாசலுக்கும் உரிய எல்லையைக் குறிக்கும் சொல், கடல் கடந்த நாட்டில் என் முகவரியில் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்கள் மஹல்லாவில் நாங்கள் ஐவர் நெருங்கிய நண்பர்கள். ஒருவர் போஸ்னியாவைச் சேர்ந்தவர். ஒருவர் சூடான் நாட்டவர். ஒருவர் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் உள்ள மருதமுனைக்காரர். அவரோடு மட்டும் எனக்குத் தமிழில் பேச வாய்த்தது. இன்னொருவர் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், வட கோடியில் உள்ள அச்சே மாநிலத்தவர். அவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை, நாடுகளாலேயே குறிப்பிடுகிறேன்.

அச்சே நண்பர் எங்களில் இளையவர், மென்மையாகப் பேசுபவர். பண்டா அச்சே நகரின் கடற்கரைப் பகுதியான உலே லேயில் அவருடைய தந்தை சிறு கடை வைத்திருந்தார். அச்சேயில் 1976 முதலே அரசுக்கும் விடுதலைப் படையினருக்கும் இடையே போர். 2003இல் அங்கே இராணுவச் சட்டமே பிறப்பிக்கப்பட்டது. வயது வந்த மகன் ஊரில் இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்தாவது ஆபத்து வரும் என்று அஞ்சி, கையிலிருந்ததைத் திரட்டி மகனை மலேசியாவுக்கு அனுப்பிவைத்தவர் அந்தத் தந்தை. மகன் பிழைத்திருக்க வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

இக்காலத்தைப் போல் அப்போது ஒவ்வொருவர் கையிலும் உலகத்தோடு பேசும் கருவி இல்லை. மஹல்லாவின் படிக்கட்டருகே பொதுத் தொலைபேசிகள் இருக்கும். பத்து ரிங்கிட் கொடுத்து ஓர் அட்டை வாங்கி, அதைச் சுரண்டி, எண்ணை அழுத்திப் பேச வேண்டும். காட்டூரில் எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்தால், கடைக்காரர் பையனை அனுப்பி அம்மாவைக் கூட்டிவருவார். அம்மா வந்து சேரும்வரை இங்கே அட்டையில் பணம் கரைந்துகொண்டிருக்கும். அதனால் மாதம் இரண்டு முறைதான் நான் பேசுவது. அச்சே நண்பரோ வாரந்தோறும் சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு தவறாமல் பேசுவார். அவர் தந்தை கடையை அடைத்துவிட்டு, தொலைபேசி அருகே வந்து அமர்ந்துகொள்ளும் நேரம் அது.

டிசம்பர் 25 சனிக்கிழமை. அரசு விடுமுறை. பள்ளிவாசலில் இஷா முடித்து வெளியே வந்தோம். வானில் ஏறத்தாழ முழு நிலவு. "இன்று சனிக்கிழமை. துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் இரவுச் சந்தை இருக்குமே!" என்றார் போஸ்னிய நண்பர். எவரும் திட்டமிட்டு வரவில்லை. எவரிடமும் பெரிய பணமும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. "சந்தை மட்டுமா? மஸ்ஜித் இந்தியா வீதிப் பக்கம் எங்கள் ஊர்க்காரர்கள் உணவகம் நடத்துகிறார்கள். இன்று நான் உங்களுக்குத் தேநீர் வாங்கித் தருகிறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான்தான். உலகத்தின் நான்கு மூலைகளிலிருந்து வந்தவர்களுக்கு நம் தமிழ் முஸ்லிம்களின் கைப்பக்குவத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற பெருமை எனக்கு!

அறைக்குச் சென்று சட்டை மாற்றிக்கொண்டு படியிறங்கினோம். இலங்கை நண்பர் தொலைபேசியில் பேசி முடித்துவிட்டு, "உம்மாவோட கதைச்சாச்சு மச்சான், போவம்" என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மூன்றாவதாக அச்சே நண்பர், கையில் அட்டையோடு நின்றார்.

வாயிலில் பேருந்தின் விளக்கு தெரிந்தது. அதைத் தவற விட்டால் அடுத்தது எப்போது வருமென்று சொல்ல முடியாது.

"வா, வா! நாளை பேசிக்கொள்ளலாம்" என்றேன்.

"சனிக்கிழமை பேசாவிட்டால் அப்பா காத்திருப்பார்" என்றார் அவர்.

"ஒரு நாள்தானே! நாளைக் காலையில் பேசு, இன்ஷா அல்லாஹ்" என்று அவர் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசகர்களே, கவனியுங்கள். இன்ஷா அல்லாஹ் என்று நான் சொன்னேன். மறக்காமல்தான் சொன்னேன். எதற்காகச் சொன்னேன்? ஒரு நண்பரின் தயக்கத்தை முடித்துவைக்கவும், அவர் வாயை அன்போடு அடைக்கவும் அச்சொல்லைப் பயன்படுத்தினேன்.

இரயிலில் ஒரே சிரிப்பு. மலாய் மொழியில் கலந்துள்ள தமிழ்ச் சொற்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை நானும் அச்சே நண்பரும் வைத்திருந்தோம். அவர் 'கெடாய்' என்பார்; நான் 'கடை' என்பேன். அவர் 'காப்பால்', நான் 'கப்பல்'. அவர் 'மெம்பெலாம்', நான் 'மாம்பழம்'. அவர் 'மோடால்', நான் 'முதல்', கடைக்குப் போடும் முதல்! "அப்படியானால் என் தந்தை பாதித் தமிழர். அவருக்குக் கெடாயும் மோடாலும் தவிர வேறு பேச்சே கிடையாது" என்று அவர் சொல்ல, பெட்டியிலிருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தோம்.

மஸ்ஜித் ஜாமிக் நிலையத்தில் இறங்கினோம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில், 1909இல் கட்டப்பட்ட அந்தப் பள்ளிவாசல் நிற்கிறது. 'சேறு நிறைந்த ஆற்றுமுகம்' என்று பொருள்படும் கோலாலம்பூர் என்ற பெயர் பிறந்த இடமே அதுதான். எங்கள் வளாகத்துச் சிற்றாறும் கோம்பாக் ஆற்றில் கலந்து இங்கேதான் வந்து சேர்கிறது. "தண்ணீரும் நம்மைப் போலத்தான், இரவில் ஊர் சுற்ற வந்திருக்கிறது" என்றார் சூடான் நண்பர். நைல் நதியின் இரு கிளைகள் கூடும் கார்த்தூம் நகரத்துக்காரர் அவர். ஆறுகள் சேரும் இடங்களில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

இரவுச் சந்தையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். தொப்பிகள், பாஜு குரோங் உடைகள், பேரீச்சம்பழம், கரியில் வாட்டும் சாத்தே இறைச்சி, கரும்புச் சாறு, நிலக்கடலையும் சர்க்கரையும் வைத்து மடிக்கும் 'ஆப்பாம் பாலிக்'. நம் ஆப்பந்தான் அங்கே அப்படிப் பெயர் பெற்றுப் புரண்டு படுத்திருக்கிறது! ஒன்றை வாங்கி ஐந்தாகப் பிய்த்துத் தின்றோம்.

பிறகு உணவகம். இந்திய முஸ்லிம்களின் உணவகத்தை மலேசியாவில் 'மாமாக்' கடை என்பார்கள். 'மாமா' என்ற நம் உறவுச் சொல்லின் திரிபு அது. அவற்றுள் பல இரவு முழுதும் திறந்திருக்கும். ரொட்டி வீசுபவர் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். "திருச்சியா தம்பி? உட்காருங்க!" என்று வரவேற்றார். மாவை வீசி வீசி, காகிதம் போல விரித்து, மடித்துக் கல்லில் போட்டார். தேநீர் போடுபவர் ஒரு குவளையை உயரத் தூக்கி மறு குவளையில் கயிறு போல இழுத்து ஊற்ற, போஸ்னிய நண்பர் குழந்தை போலக் கைதட்டினார். மீன் குழம்பைத் தொட்டுச் சுவைத்த அச்சே நண்பர், "எங்கள் வீட்டு வாசனை" என்றார்.

அந்த மேசையில்தான் போஸ்னிய நண்பர் முதன்முறையாகத் தம் சிறுவயதைப் பற்றிப் பேசினார். 1992இல் சாராயெவோ நகரம் முற்றுகையிடப்பட்டபோது அவரும் அவர் தாயும் வெளியேறிக் குரோஷியாவில் அகதிகளாயினர். தந்தை நகருக்குள்ளே. தொலைபேசிக் கம்பிகள் அறுபட்டுவிட்டன. செஞ்சிலுவைச் சங்கத்தினர் கொண்டுவரும் திறந்த கடிதங்கள்தாம் ஒரே வழி. குடும்பச் செய்தி தவிர வேறெதுவும் எழுதக்கூடாது. "ஐந்து மாதங்கள் கழித்து ஒரு தாள் வந்தது. 'நான் நலம், நீங்கள் நலமா' என்பதைத் தவிர அதில் ஏதுமில்லை. அம்மா அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். போர் முடியும்வரை எடுக்கவில்லை" என்றார்.

மேசை அமைதியானது. அச்சே நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை நான் பார்த்தேன். மலேசியாவைவிட அச்சே ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆனாலும் அங்கே பத்தரை ஆகியிருக்கும். "இப்போது தூங்கியிருப்பார்கள். காலையில் பேசு" என்றேன். இரண்டாம் முறை.

பேச்சில் நேரம் போனதே தெரியவில்லை. கடைசி இரயில் போய்விட்டது. வாடகைக் காருக்கு ஐவரிடமும் பணமில்லை. "ஃபஜ்ரு வரை இருந்து தொழுதுவிட்டுப் போவோம்" என்று முடிவாயிற்று. இன்னொரு சுற்றுத் தேநீர். ரொட்டி வீசும் அண்ணன் அதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். ஆற்றோரம் நடந்தோம். உலகத்தில் ஒரு கவலையும் இல்லாத ஐந்து இளைஞர்கள்.

மஸ்ஜித் ஜாமிக்கில் ஃபஜ்ருத் தொழுகை. இமாம் ஷாஃபி முறைப்படி குனூத் ஓதினார். அச்சே நண்பரும் இலங்கை நண்பரும் கைகளை ஏந்தினார்கள். ஹனஃபிகளான நானும் போஸ்னிய நண்பரும் கைகளைத் தொங்கவிட்டு நின்றோம். மாலிகியான சூடான் நண்பர் தொழுகை முழுவதுமே கைகளைத் தொங்கவிட்டுத்தான் நின்றார். ஒரே வரிசை, ஒரே கிப்லா. தொழுகைக்குப் பின் அச்சே நண்பர் நெடுநேரம் துஆவில் இருந்தார். என்ன கேட்டாரோ, அல்லாஹ் அறிவான்.

ஏழு மணிக்கு மஹல்லாவுக்குத் திரும்பினோம். தொலைபேசிகள் காலியாகக் கிடந்தன. "எங்கள் ஊரில் இப்போது ஆறுதான். எட்டு மணிக்குத்தான் தந்தை கடை திறப்பார். சற்றுத் தூங்கிவிட்டுப் பேசுகிறேன்" என்றார் அவர். யாரும் மறுக்கவில்லை. படுத்தோம்.

டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அச்சே நேரம் காலை 7.58. சுமத்ராவின் மேற்குக் கடலடியில் 9.1 அளவில் நிலம் பிளந்தது. உலகம் கண்ட மிகப் பெரும் நிலநடுக்கங்களுள் ஒன்று. கோலாலம்பூரின் உயர்ந்த கட்டிடங்களில் இருந்தவர்கள் கூட அதிர்வை உணர்ந்தார்களாம். நாங்கள் உணரவில்லை. உறங்கிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்திற்குள் கடல் எழுந்து உலே லேயின் மீது நடந்து முடிந்துவிட்டது.

லுஹருக்கு எங்களை எழுப்பியது இலங்கை நண்பரின் குரல். பொது அறைத் தொலைக்காட்சியின் முன் மாணவர் கூட்டம். முதலில் சுமத்ரா என்றார்கள். பிறகு பினாங்கு, தாய்லாந்து, இலங்கை. பிறகு நாகப்பட்டினம் என்ற எழுத்துகளைத் திரையில் கண்டேன். என் அக்காவை நாகூரில் மணமுடித்துக் கொடுத்திருந்தோம்.

தொலைபேசி வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது. எனக்கு முன்னே இலங்கை நண்பர்; அவருக்கு முன்னே அச்சே நண்பர். இம்முறை அவரை முதலில் நிறுத்தியிருந்தோம். அவர் எண்களை அழுத்தினார். வைத்தார். மறுபடி அழுத்தினார். மணி ஒலிக்கவேயில்லை. மற்றவர்களுக்கு வழிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். முறை வந்ததும் அழுத்தினார். மறுபடியும் கடைசிக்குப் போனார். இரவு வரை இப்படியே.

எனக்கு மஃரிபுக்குப் பின் காட்டூர் கிடைத்தது. அம்மா பூத்திலேயே காத்திருந்தார்களாம். "அக்கா நல்லா இருக்கா. அவ தெரு கடலுக்குத் தள்ளி இருக்கு. அல்ஹம்து லில்லாஹ். நீ சாப்பிட்டியா?" என்றார்கள். அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதேன். அழுதுகொண்டே திரும்பியபோது பின்னால் அச்சே நண்பர் நின்றார். என் கண்ணீரைப் பார்த்துப் பதறி, "உன் வீட்டில் என்ன?" என்று கேட்டார். "நலம்" என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மருதமுனை நண்பரின் உம்மாவும் வாப்பாவும் பிழைத்தார்கள். மாமி வீட்டில் மூவர் போய்விட்டார்கள். அச்சே நண்பருக்கு நான்காம் நாள்தான் செய்தி வந்தது. மேடானில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் சாலை வழியாகப் பண்டா அச்சே சென்று பார்த்திருக்கிறார். உலே லேயில் பைத்துர் ரஹீம் பள்ளிவாசல் நின்றது. அதைச் சுற்றி வீடுகள் இருந்த இடத்தில் தரை ஓடுகள் மட்டுமே. கடையில்லை. தந்தையில்லை, தாயில்லை, தங்கைகள் இருவரும் இல்லை. உடல்களும் கிடைக்கவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்த ஒரு நாளில் 14 நாடுகளில் 2 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். இந்தோனேசியாவில் மட்டும் இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம் பேர். இலங்கையில் 35 ஆயிரத்துக்கு மேல். நம் தமிழகத்தில் ஏறத்தாழ 8 ஆயிரம். அவர்களில் 6 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நாகை மாவட்டத்தினர். போரிலிருந்து காப்பதற்காக மகனை அனுப்பிய தந்தையின் கணக்கு மகனளவில் சரியாகிவிட்டது. கடலை அவர் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. எவர்தான் சேர்த்திருக்க முடியும்?

அந்த நாட்களில் போஸ்னிய நண்பர் செய்ததை நான் மறக்க மாட்டேன். அவர் ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அச்சே நண்பரின் கட்டிலுக்குக் கீழே தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். சூடான் நண்பர் இரவெல்லாம் மெல்லிய குரலில் குர்ஆன் ஓதினார். 31ஆம் தேதி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் மறைந்தோருக்கான ஜனாஸா தொழுகை நடந்தது. ஹனஃபிகளிடம் அவ்வழக்கம் இல்லை. அதற்கான சட்ட விளக்கங்களை நான் படித்தவன்தான். ஆயினும் அன்று நண்பரின் தோளை ஒட்டி வரிசையில் நின்றேன். மறுபக்கத்தில் போஸ்னிய நண்பரும் நின்றார்.

ஜனவரியில் அவர் ஊருக்குப் புறப்பட்டார். முந்தைய இரவு அவர் அறைக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மேசையின் மேல் அந்தப் பத்து ரிங்கிட் அட்டை கிடந்தது. பணம் தீராத அட்டை. இணைப்பே கிடைக்காதபோது பணம் எப்படித் தீரும்?

"அன்றிரவு உன்னைத் தடுத்தவன் நான். என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு சட்டையை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "என் தந்தை அதிகம் பேசுபவர் அல்லர். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டே கேள்விகள்தாம் கேட்பார். தொழுதாயா? சாப்பிட்டாயா? அன்றிரவு நான் தொழுதேன், நன்றாகச் சாப்பிட்டேன். நண்பர்களோடு சிரித்தேன். அவர் கேட்டிருந்தால் என் பதில் அவரை மகிழ்வித்திருக்கும்."

சற்று நின்று, "ஆனால் அவர் கேட்கவில்லை" என்றார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்பதை அறிவேன். அந்த மன்னிப்பு அவருடைய பெருந்தன்மை. அதையே என் விடுதலைச் சீட்டாக நான் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் படிப்பைத் தொடர வரவில்லை. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கி நகரில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகி அச்சேப் போர் ஓய்ந்தது. "போர் இல்லாத அச்சேயைப் பார்க்கத்தான் தந்தை ஆசைப்பட்டார்" என்று பிறகொரு நாள் சொன்னார். இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார், என்னைப் போலவே. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று நாங்கள் பேசிக்கொள்வோம். முதல் கேள்வி நான் கேட்பேன்: "தொழுதாயா?" இரண்டாவதை அவர் கேட்பார்: "சாப்பிட்டாயா?" அதற்கு மேல் பெரும்பாலும் பேச்சு இருக்காது.

வாசகர்களே! அந்த இரவு பாவமான இரவு என்று நான் சொல்ல வரவில்லை. ஹலாலான உணவு, நல்ல நண்பர்கள், ஃபஜ்ருத் தொழுகையோடு முடிந்த இரவு அது. பிள்ளைகள் நண்பர்களோடு வெளியே போகக்கூடாது என்று தடை போடுவதற்காகவும் இதை எழுதவில்லை. அந்த அழைப்பைப் பேசி முடிக்க ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் ஒரு பேருந்து தவறியிருக்கும். பேருந்து மறுபடியும் வந்திருக்கும்.

இன்று எங்கள் காட்டூரில் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். பூத்துக்கு ஓடிவர வேண்டிய காலம் போய்விட்டது. முகம் பார்த்தே பேசலாம்; செலவும் பெரிதில்லை. ஆனாலும் மஃரிபு நேரத்தில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பேசுறேன்னு சொல்லியிருக்கான், ஹஜ்ரத்" என்று சொல்லும் முகங்களை நான் பார்க்கிறேன். கருவி மாறியிருக்கிறது. 'நாளை' மாறவில்லை.

அந்தச் சிறுவனுக்கு மறுநாளே பதில் சொன்னேன். அதை இனியும் தள்ளிப்போட எனக்குத் துணிவில்லை.

"தம்பி! சத்தியத்துக்கான சட்டம் வேறு. அதைப் பெரிய வகுப்பில் படிப்பாய். நீ கேட்டதற்குப் பதில் இது. இன்ஷா அல்லாஹ் என்பது செய்ய விரும்பாதவன் போட்டுக்கொள்ளும் திரை இல்லை. செய்யத் துணிந்தவன், தன் கையில் இருப்பதையெல்லாம் செய்துவிட்டு, கையில் இல்லாததை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் சொல். இப்போதே செய்யக்கூடிய நன்மையை வைத்துக்கொண்டு 'நாளை, இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லாதே. நாளை என்பது நம்முடையதாக இல்லாததால்தான் அந்தச் சொல்லே நமக்குக் கற்றுத்தரப்பட்டது."

"அப்படியென்றால், நேற்றே ஏன் பதில் சொல்லவில்லை, ஹஜ்ரத்?" என்று கேட்டான் அந்தப் பிள்ளை.

இம்முறை பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். "தவறு என்னுடையதுதான்" என்றேன். வகுப்பு முடிந்ததும் ஊரிலிருக்கும் என் அம்மாவைப் பார்க்க நேரே வீட்டுக்கு நடந்தேன்.

இந்த இதழை மூடி வைக்குமுன் உங்கள் குரலுக்காக எவரேனும் காத்திருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், படித்ததைப் பற்றிய சிந்தனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

கடல் கொண்ட எல்லா மக்களின் குடும்பங்களுக்கும் வல்ல அல்லாஹ் ஆறுதலை அருள்வானாக! நம் பெற்றோரின் குரல் நமக்குக் கிடைக்கும் காலத்திலேயே அதைக் கேட்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.